இரத்தம் வைத்திருக்கும் கணக்கு

செர்காம், மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் ‘இனிப்புநீர்’ என்றால் விளக்கம் தேவையில்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது ஏறக்குறைய பத்தில் மூவர். நோயுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதை அறியாமலேயே நடமாடினர்.

நோயை அறிந்தவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. கிளினிக்குக்குப் போகும் நாள் நெருங்கினால், மூன்று நாள்களுக்கு முன்பே தே தாரேக்கை நிறுத்திவிடுவார்கள். இரவில் சோற்றையும் குறைப்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் நல்ல எண்ணைக் காட்டும். அன்று மாலையே பழைய கதை தொடங்கும். தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

இந்தத் தந்திரம் பலிக்காத சோதனை ஒன்று உண்டு. அதன் பெயர் எச்பிஏ1சி. இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அதில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். ஒட்டியது எளிதில் பிரியாது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே, கையிலிருந்து எடுக்கும் இரத்தம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடும். மூன்று நாள் பத்தியம் அதில் தெரியாது. இதற்கு வெறும் வயிற்றுடன் போகவும் வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளிகளிடம் இந்த மாற்றத்தை 1960களின் இறுதியில் கண்டறிந்தவர் ஈரானிய அறிவியலாளர் சாமுவேல் ராபார்.

பலருக்கு இலக்கு 6.5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ். முதியவர்களுக்கு மருத்துவர் அதைச் சற்றுத் தளர்த்துவதுண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் பாதிப்பு குறைகிறது என்பதை, இரண்டாம் வகை நீரிழிவு பற்றி 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உறுதிப்படுத்தியது. பார்வை மங்குவதும் சிறுநீரகம் கெடுவதும் ஓசையின்றி நடப்பவை. வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார் சிலர். இந்நோயில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

அப்படியானால் விரல் நுனிச் சோதனை வீணா? இல்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கினால், அந்த நொடியின் அளவைச் சொல்வது அதுதான். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே சர்க்கரை நீர் கொடுக்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த சராசரி இதைக் காட்டாது. இரத்தசோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தவறான எண்ணைத் தரவும் கூடும். அவற்றை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தாத்தா பாட்டியுடன் கிளினிக்குக்குச் செல்லும்போது, இம்முறை வந்த எச்பிஏ1சி எண்ணையும் போன முறை வந்ததையும் தாதியிடம் கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலாயில் எழுதியிருப்பதை வீட்டில் தமிழில் விளக்கிச் சொல்ல உங்களால் முடியும்.