கையில் சீட்டு, களத்தில் ஆறு கார்

ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புக் கார் எல்லைக் கோட்டை முதலில் தாண்டுகிறது. அதை ஏலத்தில் எடுத்தவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். ஐந்து நிமிடம் கழித்துக் கணக்குத் தாளைக் கூட்டிப் பார்த்தால், நாலாவதாக வந்த மஞ்சள் காரின் சொந்தக்காரரிடம் அவரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்குப் பணம் இருக்கிறது. ஆட்டத்தில் ஜெயித்தவர் மஞ்சள்காரர்.

'டவுன்ஃபோர்ஸ்' என்ற கார்ப் பந்தயப் பலகை விளையாட்டில் இப்படி நடப்பது சகஜம். வேகமாக ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்திப் பிடிப்பதற்குக் கார்ப் பந்தய உலகில் வழங்கும் சொல்தான் ஆட்டத்தின் பெயர். இதற்கு மூலவர் ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் கிராமர். ஜெர்மனியில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரஸ்' என்ற 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை ஐந்து முறை பெற்றவர் அவர். 1974-இல் 'டெம்போ' என்ற ஆட்டத்தோடு இந்தத் துறைக்குள் வந்தார். 1996-இல் 'டாப் ரேஸ்' வந்தது. பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான ரெஸ்டோரேஷன் கேம்ஸ், அந்த டாப் ரேஸைச் செப்பனிட்டு 2017-இல் டவுன்ஃபோர்ஸாகக் கொண்டுவந்தது. இரண்டு முதல் ஆறு பேர் ஆடலாம். ஆனால் நாலு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்தால்தான் ஆட்டம் களைகட்டும்.

இதில் பகடை கிடையாது. தாயம் விழவில்லையே என்று யாரும் கையை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கார்களை நகர்த்துவதெல்லாம் சீட்டுதான்.

முதலில் பலகையை விரித்து ஆறு கார்களையும் தொடக்கக் கட்டங்களில் நிறுத்த வேண்டும். வேகச் சீட்டுகளைக் கலைத்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கொரு கணக்குத் தாளும் கொடுத்துவிட வேண்டும். வேகச் சீட்டில் நிறங்களும் எண்களும் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். ஒரு சீட்டில் மேலே சிவப்பு 6, அதன் கீழே நீலம் 3, அதற்கும் கீழே பச்சை 1 என்று இருந்தால், அந்தச் சீட்டைப் போட்டதும் மூன்று கார்களும் அதே வரிசையில் அத்தனை கட்டம் நகரும். தன் காரை மட்டும் நகர்த்திக்கொண்டு நிம்மதியாக இருக்க வழியில்லை. பெரும்பாலான சீட்டுகளில் எதிராளியின் காரையும் சேர்த்துத்தான் நகர்த்தியாக வேண்டும். ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கார்களுக்கு முன்கூட்டியே சொந்தக்காரர் கிடையாது. ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். கூடவே ஒரு சிறப்புத் திறன் அட்டையும் வரும். எல்லோரும் கையிலிருந்து ஒரு வேகச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவார்கள். ஏலத்துக்கு வந்திருப்பது மஞ்சள் கார் என்றால், அவரவர் சீட்டில் மஞ்சளுக்கு நேரே உள்ள எண்தான் அவர் கேட்கும் விலை, மில்லியன் டாலர் கணக்கில். அதிகம் கேட்டவருக்குக் கார். விலையைத் தாளில் குறித்துக்கொள்வார். ஏலத்துக்குக் காட்டிய சீட்டு கைக்கே திரும்பிவிடும். ஆட்கள் குறைவாக இருந்தால் ஒருவரிடம் இரண்டு கார் சேரும். அவர் இரண்டு திறன் அட்டைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்கூட இல்லாமல் யாரும் ஓட்டத்துக்குள் போக முடியாது.

புதிதாக ஆடுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். பரிசுத் தொகையை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முதலிடத்துக்கு 12 மில்லியன், அடுத்தடுத்த இடங்களுக்கு 9, 6, 4, 2, கடைசிக் காருக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 33, ஆறு காருக்குப் பங்கிட்டால் சராசரி ஐந்தரை. ஆகவே ஒரு காருக்கு 6 மில்லியன் கொடுப்பவர், அது முதல் மூன்று இடத்துக்குள் வந்தாலொழிய காரில் போட்ட காசை எடுக்க முடியாது. மலிவாகக் கிடைக்கும் காரை ஒதுக்கிவிடக் கூடாது. கையில் எந்த நிறத்துக்குப் பெரிய எண்கள் நிறைய இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து அந்தக் காருக்கு முயற்சி செய்யலாம். இன்னொரு விஷயம், ஏலத்துக்காகத் திருப்பிய சீட்டை மேசையே பார்த்துவிடுகிறது. யாரிடம் எந்தப் பெரிய எண் இருக்கிறது என்று அப்போதே நினைவில் குறித்துக்கொள்பவருக்கு ஓட்டத்தில் அது கைகொடுக்கும்.

ஓட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு சீட்டைப் போடுவார். போட்ட சீட்டு போனதுதான், கையில் புதிதாக எதுவும் சேராது. சீட்டில் உள்ள எல்லாக் கார்களையும் போட்டவரே நகர்த்துவார். கார் யாருடையதாக இருந்தாலும் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அவரே. கார் நேராகவோ முன்பக்கம் சாய்வாகவோ போகலாம். பக்கவாட்டிலும் பின்னாலும் போகக் கூடாது. வேறு கார் நிற்கும் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. வழி அடைபட்டால் மிச்சமுள்ள நகர்வுகள் வீண்.

பாதை சில இடங்களில் ஒற்றைக் கட்டமாகக் குறுகும். அப்படி ஒரு வளைவில் நீலக் கார் நிற்கிறது, அதன் பின்னாலேயே சிவப்பு. மேலே சொன்ன அதே சீட்டை இப்போது ஒருவர் போடுகிறார். சிவப்பு 6 முதலில் நகர வேண்டும். ஆனால் எதிரே நீலம் மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆறு கட்டமும் அப்படியே போயிற்று. அதன் பிறகு நீலம் மூன்று கட்டம் முன்னேறி வளைவைவிட்டு வெளியே போகிறது. சிவப்பின் சொந்தக்காரர் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெரிய எண் வீணாய்ப் போக ஒரு நொடி போதும். சீட்டைக் கீழிருந்து மேலாக நகர்த்த அனுமதிக்கும் திறன் அட்டை ஒன்றும் உண்டு. அது கையில் உள்ளவர் இதே சீட்டைப் போட்டால் நீலம் முதலில் விலகும், சிவப்பு சீறிக்கொண்டு ஆறு கட்டம் பாயும். சீட்டை எடுப்பதற்கு முன் எண்ணைப் பார்ப்பதோடு வரிசையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பந்தயம் கட்டுவது. பாதையின் குறுக்கே மூன்று இடங்களில் பந்தயக் கோடு உண்டு. எந்தக் காராவது ஒரு கோட்டை முதன்முதலாகத் தாண்டிவிட்டால், நடந்துகொண்டிருக்கும் முறை முடிந்ததும் எல்லோரும் நிறுத்தி, எந்தக் கார் ஜெயிக்கும் என்று தாளில் ரகசியமாகக் குறிக்க வேண்டும். சொந்தக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் கோட்டில் குறித்த கார் முதலாவதாக வந்தால் 9 மில்லியன், இரண்டாவதாக வந்தால் 6, மூன்றாவதாக வந்தால் 3. இரண்டாம் கோட்டில் அதுவே 6, 4, 2. மூன்றாம் கோட்டில் 3, 2, 1. சீக்கிரம் கணித்தவருக்குக் கூடுதல் காசு.

மூன்று கோட்டிலும் ஜெயிக்கும் காரையே குறித்தவருக்கு 18 மில்லியன் கிடைக்கும். முதலிடப் பரிசே 12தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதன் பிறகு வேறு மாதிரி ஆடுவார்.

தொடக்கத்தில் சொன்ன இருவரின் தாளையும் இப்போது புரட்டலாம். கறுப்புக் காரை அவர் 6 மில்லியனுக்கு எடுத்தார். முதல் கோட்டில் சிவப்பைக் குறித்தார், அது ஐந்தாவதாக வந்ததால் காசில்லை. இரண்டாம் கோட்டில் பச்சையைக் குறித்தார், மூன்றாவதாக வந்தது, 2 மில்லியன். மூன்றாம் கோட்டில்தான் தன் காரையே நம்பினார், 3 மில்லியன். பரிசு 12, பந்தயம் 5, கழிக்க வேண்டிய ஏல விலை 6. மிச்சம் 11. மஞ்சள்காரர் தன் காரை ஒரே மில்லியனுக்கு எடுத்தவர். முதல் கோட்டிலேயே தன் கார் தேறாது என்று கண்டுகொண்டு மூன்று முறையும் கறுப்பைக் குறித்தார். நாலாமிடப் பரிசு 4, பந்தயம் 18, கழிவு 1. மிச்சம் 21. முதல் கோட்டுக்குப் பிறகு அவர் சீட்டுகளையெல்லாம் கறுப்பு முன்னேறும்படியே போட்டிருப்பார். அடுத்தவர் காரை அவரே ஓட்டி ஜெயிக்க வைத்தார் என்று சொன்னாலும் தகும்.

ஒரே காரின் மேல் இரண்டு மூன்று பேர் பந்தயம் கட்டிவிட்டால், வாய் திறக்காமலே அங்கே ஒரு கூட்டணி உருவாகிவிடும். அந்தக் காரை எல்லோரும் தள்ளிவிடுவார்கள். முதல் கோட்டுக்கு முன்பே தன் காரைத் தனியாக வெகுதூரம் ஓடவிட்டவருக்கு இதனால் லாபமும் வரலாம். முன்னால் போகும் காரைப் பார்த்து மற்றவர்களும் அதன்மேல் பணம் கட்டினால், மேசையே அவருக்காக உழைக்கும். யாரும் கட்டாவிட்டால் அடுத்த குறுகிய வளைவில் அவர் காரை முடக்கிப்போடுவார்கள். யார் எந்தக் காரைக் குறித்தார் என்பது தாளில் மறைந்திருந்தாலும், அதற்குப் பிறகு அவர் போடும் இரண்டு சீட்டுகளிலேயே தெரிந்துவிடும். தனக்கு ஆகாத நிறத்தைப் பாடுபட்டு முன்னே கொண்டுபோகிறவர் அதன்மேல் பணம் கட்டியிருக்கிறார் என்றே கொள்ளலாம்.

குழந்தைகளோடு முதல் ஆட்டம் ஆடும்போது திறன் அட்டைகளைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். ஏலம், ஓட்டம், பந்தயம் மூன்றும் பழகிய பிறகு இரண்டாம் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். சீட்டைப் போட்டதும் "சிவப்பு ஆறு, நீலம் மூணு" என்று உரக்கச் சொல்லி வரிசையாக நகர்த்தினால் தகராறு வராது. பந்தயக் கோட்டைக் கார் தாண்டியதை யாராவது ஒருவர் கவனித்துச் சொல்ல வேண்டும், ஆட்ட மும்முரத்தில் அதுதான் மறந்துபோகும். பலகையின் இரு பக்கமும் இரண்டு வெவ்வேறு பாதைகள். அவை இரண்டும் பழகிப்போனவர்களுக்கு 2018-இல் வந்த 'டேஞ்சர் சர்க்யூட்', 2019-இல் வந்த 'வைல்ட் ரைடு' ஆகிய கூடுதல் பெட்டிகளில் புதிய பாதைகள் இருக்கின்றன.