மூக்கடைப்பு மருந்தா? நாளை எண்ணுங்கள்

கச்சான் காற்று மணலை வாரி இறைக்கத் தொடங்கினால் மாம்புரியில் தும்மல் கேட்காத வீடு குறைவு. உடனே பாமசிக்குப் போய் ஒரு சொட்டு மருந்தும் நாலு தடிமன் குளிசையும் வாங்கிவிடுகிறோம். மூக்குக்குள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் இவை அடைப்பைத் திறக்கின்றன. குளிசையாக விழுங்கினால் அந்தச் சுருக்கம் மூக்கோடு நிற்காது, உடம்பு முழுக்கப் போகும். அதனால் மூடியைத் திறக்குமுன் இதை வாசியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. தொடங்கிய திகதியைப் போத்தலிலேயே பேனாவால் எழுதுங்கள். சொட்டு மருந்துக்கு மூன்று நாள் போதும், கூடினால் ஐந்து.

2. முதலில் உப்புநீர்ச் சொட்டைப் போட்டுப் பாருங்கள். பாமசியில் கிடைக்கும், பிரஷரையும் ஏற்றாது, பழக்கமும் ஆகாது.

3. வீட்டில் உப்புநீர் செய்தால் கொதித்தாறிய நீரிலேயே செய்யுங்கள். கிணற்று நீரை அப்படியே மூக்குக்குள் விட்டால் கிருமியும் சேர்ந்து போகும்.

4. பெட்டியில் சூடோஎபெட்ரின், பினைலெப்ரின் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படபடப்பையும் பிரஷரையும் கூட்டக்கூடியவை இவைதான்.

5. பாமசிக்குக் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். பிரஷர், இருதய வருத்தம், சீனி வருத்தம், தைரொயிட், குளுக்கோமா, புரோஸ்டேட் இருப்பவருக்கு இந்தக் குளிசை ஒத்துவராமல் போகலாம்.

6. சூடோஎபெட்ரின் குளிசையைப் பின்னேரத்துக்கு முன் குடித்து முடியுங்கள். இரவில் குடித்தால் தூக்கம் வராது.

7. சொட்டு பழக்கமாகிவிட்டால் முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்துங்கள். அது திறந்ததும் மற்றப் பக்கத்தையும் நிறுத்தலாம்; முடியாவிட்டால் டொக்டரைக் காணுங்கள்.

செய்யக்கூடாதவை

1. ‘இன்னும் அடைக்குதே’ என்று சொட்டை நீட்டாதீர்கள். ஐந்து நாளுக்குப் பிறகு அடைப்பதே அந்த மருந்தாக இருக்கலாம். தலையணைக்குக் கீழே போத்தல் இல்லாமல் படுக்க முடியாதவர்கள் இப்படித்தான் ஆனார்கள்.

2. கட்டுக்குள் வராத பிரஷரோ கடுமையான சிறுநீரக வருத்தமோ இருந்தால் சூடோஎபெட்ரினைத் தொடாதீர்கள். மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படலாம் என்பதால், இப்படிப்பட்டவர்கள் இதைப் பாவிக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் பரிந்துரைத்தது.

3. தடிமன் குளிசையோடு பெனடோலையும் போடாதீர்கள். பெனடோலில் இருக்கும் அதே பரசிட்டமோல் பல தடிமன் குளிசைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு.

4. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுரோபன் கலந்த குளிசையை வாங்காதீர்கள். டெங்கு என்றால் இரத்தக் கசிவு கூடும்.

5. வள்ளத்தில் ஏறுமுன் குளோர்பெனிரமின் கலந்த குளிசையைக் குடிக்காதீர்கள். நடுக்கடலில் கண் சொக்கும்.

6. பெரியவர்களின் மருந்தைப் பிள்ளைக்குப் பாதியாக்கிக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்தியா 2023இல் அறிவித்தது.

7. சொட்டுப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். ஓரிரு மில்லிலீட்டரை விழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகலாம்.

8. ஒரே போத்தலை வீடு முழுக்கப் பாவிக்காதீர்கள். நுனியில் ஒட்டிய கிருமி அடுத்தவர் மூக்குக்குப் போகும்.

திடீரென்று தாங்க முடியாத தலையிடி, நெஞ்சு வலி, வலிப்பு, பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாதாரணத் தடிமன் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். இப்போதே எழுந்து வீட்டில் இருக்கும் சொட்டுப் போத்தலை எடுத்துப் பாருங்கள். எப்போது திறந்தீர்கள் என்று நினைவில்லையா? அப்படியானால் அதை இனி மூக்கில் விடாதீர்கள்.