திரை போதவில்லையா? மேசையை விரிக்க இரண்டு வழிகள்

மடிக்கணினியில் ஒரு பாடக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதும் பக்கம் ஒரு சாளரத்தில் இருக்கிறது. பாடநூல் இன்னொன்றில், புள்ளிவிவர அட்டவணை மூன்றாவதில். இடையே மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் திறந்திருக்கின்றன. அட்டவணையிலிருந்து ஓர் எண்ணைப் பார்த்து எழுத வேண்டுமென்றால், ஒவ்வொரு சாளரமாக விலக்கித் தேட வேண்டும். எழுதும் பக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் எண் மறந்துவிடுகிறது.

இதற்கு உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். மேசை சிறியது, தாள்கள் அதிகம், அவ்வளவுதான். மேசையை விரிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டாவது திரையை இணைப்பது. மற்றொன்று, ஒரே திரையில் பல ‘மெய்நிகர் பணித்திரை’களை உருவாக்கி மாறி மாறிப் பயன்படுத்துவது. முதல் வழிக்குப் பணமும் இடமும் தேவை. இரண்டாவது வழி உங்கள் கணினியிலேயே இலவசமாக இருக்கிறது.

அறை அறையாகப் பிரித்தவர்கள்

1984ஆம் ஆண்டு வெளிவந்த முதல் மெக்கிண்டாஷ் கணினியின் திரை 9 அங்குலம். அதன் பரப்பு ஓர் ஏ4 தாளில் பாதிகூட இல்லை. அக்காலத்தில் சாளரங்களுக்கான இட நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு 1986இல் ஒரு தீர்வை முன்வைத்தவர்கள், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும். அவர்களுக்கு வழிகாட்டியது கணினி நினைவகம் பற்றிய ஒரு பழைய பாடம். ஒரு வேலைக்குத் தேவையான தரவுகள் முழுவதும் நினைவகத்தில் அடங்காவிட்டால், கணினி அவற்றை வட்டிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகவே இருக்கும். கணக்கிடுவதைவிட இடம் மாற்றுவதற்கே அதிக நேரம் போய்விடும். இந்தத் திணறலை 1968இலேயே பீட்டர் டென்னிங் என்ற கணினி அறிவியலாளர் விளக்கியிருந்தார்.

சிறிய திரையின் முன் அமர்ந்திருக்கும் மனிதருக்கும் இதே திணறல்தான் ஏற்படுகிறது என்பதை இருவரும் கண்டார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய சாளரங்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனி ‘அறை’ கொடுத்தார்கள். அந்த மென்பொருளின் பெயரே ‘ரூம்ஸ்’. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செல்லத் திரையில் கதவுகள் இருந்தன. எல்லா அறைகளுக்கும் தேவைப்படும் சாளரத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல் கூடவே கொண்டுசெல்லவும் முடிந்தது.

அந்த எண்ணம் மெல்ல மெல்ல எல்லாக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. 2007இல் ஆப்பிளின் மேக் கணினியிலும், 2015இல் விண்டோஸ் 10இலும் அது உள்ளமைந்த வசதியாக இடம்பெற்றது.

உள்ளே நடப்பது என்ன?

மெய்நிகர் பணித்திரை என்பது இன்னொரு கணினி அல்ல. எந்தச் சாளரம் எந்தப் பணித்திரையைச் சேர்ந்தது என்று இயங்குதளம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நீங்கள் இருக்கும் பணித்திரையின் சாளரங்களை மட்டும் காட்டி, மற்றவற்றை மறைக்கிறது. மறைந்திருக்கும் செயலிகளும் நினைவகத்தில் இடம்பிடித்தபடியே இருக்கும். ஆகவே, பணித்திரைகளைக் கூட்டினால் மெதுவான கணினி வேகமாகிவிடாது.

இரண்டாவது திரை அப்படிப்பட்டதல்ல. அது கண்ணுக்குத் தெரியும் பரப்பையே கூட்டுகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு திரையில் ஏறக்குறைய 20 லட்சம் படப்புள்ளிகள் உண்டு. அதேபோன்ற இன்னொன்றை இணைத்தால் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

எதற்கு எது?

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவற்றுக்கு இரண்டு திரைகள். ஒன்றையொன்று இடைமறிக்கக் கூடாதவற்றுக்குத் தனித்தனிப் பணித்திரைகள்.

மூலத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கும், இரண்டு அட்டவணைகளை ஒப்பிடும் கணக்காளருக்கும் இரண்டாவது திரை பெரிதும் உதவும். அலுவலக வேலை, மாலை நேர வகுப்பு, வீட்டுக் கணக்கு என்று பல வேலைகளை ஒரே கணினியில் செய்பவருக்குப் பணித்திரைகளே பொருத்தம். வீவக வீட்டின் படுக்கையறை மூலையில் சிறிய மேசை போட்டுப் படிக்கும் மாணவருக்கும் அப்படியே. இரண்டாவது திரையில் வாட்ஸ்அப்பை எந்நேரமும் திறந்து வைத்தால், கூடுதல் இடம் கவனச்சிதறலுக்கே பயன்படும்.

செய்து பாருங்கள்

விண்டோஸ் 10 அல்லது 11இல் விண்டோஸ் விசை, கண்ட்ரோல் விசை, ‘டி’ எழுத்து ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புதிய பணித்திரை திறக்கும். முதல் இரண்டு விசைகளுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். விண்டோஸ் விசையுடன் டேப் விசையை அழுத்தினால் எல்லாப் பணித்திரைகளும் வரிசையாகத் தெரியும். ஒரு பணித்திரையை மூடினால் அதிலுள்ள சாளரங்கள் மூடப்படுவதில்லை. பக்கத்துப் பணித்திரைக்கு நகர்ந்துவிடும். மேக் கணினியில் கண்ட்ரோல் விசையுடன் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தித் தொடங்கலாம்.

இரண்டாவது திரை வாங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் மடிக்கணினியின் இணைப்புத் துளைகளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் எளிது. யுஎஸ்பி-சி துளைகள் எல்லாமே படத்தை அனுப்பக்கூடியவை அல்ல. கணினியின் விவரக்குறிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இணைத்தபின் விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். நகலெடுக்கும் தெரிவில் இரண்டு திரைகளிலும் ஒரே காட்சிதான் வரும்.

திரைகளை வைக்கும் விதமும் முக்கியம். அதிகம் பார்க்கும் திரை நேர் எதிரே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மற்றதைப் பக்கத்தில், உங்களை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள். நாள் முழுவதும் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி வேலை செய்தால் வலி வரும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் மூன்று பணித்திரைகளை அமைத்துப் பழகுங்கள்: ஒன்று படிப்புக்கு, ஒன்று தொடர்புக்கு, ஒன்று மற்றவற்றுக்கு. அதன் பிறகும் ஒரே வேலையின் இரண்டு சாளரங்களுக்கு இடையே மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தால், இரண்டாவது திரைக்குச் செலவிடும் பணம் வீணாகாது.