வெற்று வரைபடமும் ஒரு விடைதான்

பைத்தானில் கணக்குப் போட்டு, விடையை மேட்பிளாட்லிப்பில் வரையச் சொன்னால், சில நேரம் சட்டமும் அச்சுகளும் மட்டும் வருகின்றன, கோட்டைக் காணோம். பிழைச் செய்தியும் இல்லை. உடனே நூலகத்தை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் பலர். ஆனால் கோளாறு பெரும்பாலும் நூலகத்தில் இல்லை. நாம் கொடுத்ததை அது அப்படியே வரைந்திருக்கிறது.

நம்பிக்கை: கோடு வரவில்லை என்றால் வரையும் நூலகம் பழுது.

உண்மை: சட்டம் வந்திருப்பதே நூலகம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. அடுத்து அச்சில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். இரண்டு அச்சிலும் 0 முதல் 1 வரை மட்டுமே இருந்தால், அநேகமாக அந்தக் கட்டத்துக்குத் தரவே வந்து சேரவில்லை. காலி அச்சுக்கு மேட்பிளாட்லிப் தரும் இயல்பான எல்லை அது. ஒரே படத்தில் பல கட்டங்கள் இருக்கும்போது வேறொன்றில் வரைந்திருக்கலாம். மாறாக, சைன் சார்பை வரையும்போது கீழே 0 முதல் 6 வரையும் பக்கவாட்டில் -1 முதல் 1 வரையும் எண்கள் சரியாக அமைந்து, கோடு மட்டும் இல்லையென்றால், தரவு வந்துவிட்டது என்று பொருள். ஃபார் சுழற்சிக்குள் ஒவ்வொரு புள்ளியாக பிளாட் கட்டளைக்குக் கொடுப்பதே இதற்கு வழக்கமான காரணம். ஒவ்வொரு அழைப்பும் தனிக் கோடாகிறது. கோட்டுக்கு இரண்டு புள்ளிகளாவது வேண்டும். புள்ளிக்குறியோ நாம் கேட்டால்தான் வரும். மேட்லேபிலும் இதே கதைதான். மதிப்புகளைப் பட்டியலில் சேர்த்து, சுழற்சிக்கு வெளியே ஒரே முறை வரைந்தால் போதும்.

நம்பிக்கை: முதல் சில மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்தாயிற்று, தரவில் குறையில்லை.

உண்மை: அச்சிட்டது உள்ளீடு, வரையப்படுவது கணக்கின் விளைவு. 1,000 அளவீடுகளில் 700ஆவது மட்டும் 'நேன்', அதாவது எண்ணல்லாத மதிப்பு, என்று கொள்வோம். நம்பையின் சராசரிச் சார்பு அப்போது நேனையே விடையாகத் தரும். அந்தச் சராசரியை எல்லா அளவீடுகளிலிருந்தும் கழித்தால் 1,000 மதிப்புகளும் நேனாகிவிடும். பாண்டாஸில் நேன் நுழைய இன்னொரு வழி உண்டு. இரண்டு தொடர்களைக் கூட்டும்போது மதிப்புகள் நிற்கும் வரிசையை அது பார்ப்பதில்லை, அவற்றின் வரிசைக்குறியைப் பார்க்கிறது. ஒன்றின் குறிகள் 0 முதல் 99, மற்றதன் குறிகள் 100 முதல் 199 என்றால், இரண்டிலும் ஒரு நேன்கூட இல்லாதபோதும் கூட்டல் முழுவதும் நேன்தான்.

நம்பிக்கை: இவ்வளவு பெரிய கோளாறு என்றால் மென்பொருள் அங்கேயே நின்றிருக்கும்.

உண்மை: நிற்காமல் போகும்படியே அது அமைக்கப்பட்டது. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை, பொருளற்ற கணக்குக்கு நேனை விடையாக வைத்துக்கொண்டு மேலே தொடர வழிசெய்தது. எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் நம்பை ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுத் தொடரும். நேன் வரும் இடத்தில் மேட்பிளாட்லிப் கோட்டை முறிக்கிறது. குறைந்தபட்சம் வரையும்போதாவது தடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். வெப்பமானி இரண்டு மணி நேரம் ஓடாமல் இருந்தால் அங்கே இடைவெளி விழுவதுதான் நேர்மை. இணைத்து வரைந்தால் அளக்காததை அளந்ததாக ஆகிவிடும். நேன்களை எல்லாம் 0 ஆக்கிக் கோட்டை வரவழைக்கும் குறுக்கு வழிக்கும் இதே மறுப்புத்தான்.

சூழலே காரணமாவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. திரையில்லாத சர்வரில் சாளரம் திறக்காது. சாளரத்தை மூடிய பிறகு சேமிக்கச் சொன்னால், பழைய படம் போய்விட்டிருப்பதால் வெள்ளைத் தாள் சேமிக்கப்படும். ஆனால் அங்கே சட்டமே வருவதில்லை. சட்டம் வந்து கோடு வராதபோது, பிளாட் கட்டளைக்கு நேர் முன்வரியில் மூன்றை அச்சிட வேண்டும்: தரவின் நீளம், நம்பையின் ஐஸ்ஃபைனைட் சார்பு ஒப்புக்கொள்ளும் (நேனோ முடிவிலியோ அல்லாத) மதிப்புகளின் எண்ணிக்கை, அவற்றின் சிறுமமும் பெருமமும். நீளம் 0 என்றால் வடிகட்டிய வரியைப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டவை 0 என்றால், முதல் நேன் பிறந்த வரி வரை ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே அச்சின் எல்லையையும் புள்ளிக்குறியையும் சந்தேகிக்கலாம். நூலகத்தின் முறை அதற்கும் பிறகுதான்.