கான் விக்டரின் மவுசு

கேள்வி: பழைய ‘கான் விக்டர்’ கார்னெட் என்னும் ஊதுகருவியை இன்றும் தேடி வாங்குகிறார்களே, டிரம்பெட் போதாதா?

பதில்: போதாது. குழலின் நீளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கார்னெட்டின் குழல் டிரம்பெட்டைவிட அதிக தூரம் படிப்படியாக விரிவதால் நாதம் கூர்மை தணிந்து, கனிந்து ஒலிக்கிறது. அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் கான் நிறுவனம் உருவாக்கிய விக்டரில், திருகைச் சுழற்றி நுட்பமாகச் சுருதி சேர்க்கலாம். ஜாஸ் மேதை பிக்ஸ் பைடர்பெக்கும் இதை வாசித்ததுண்டு.

புகழ் அவருடையது, கருவிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். கலைஞனின் மேதைமையைக் கருவி தராது என்பது உண்மையே. ஆனால் அவருடைய மென்மையான, மணிபோன்ற தொனிக்கு இடம்கொடுத்தது இந்தக் குழலமைப்பு. 1920களில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கே டிரம்பெட்டுக்கு மாறினாரே என்பீர்கள். பெரிய அரங்குகளுக்கு அதன் பளீரென்ற ஒலி பொருந்தியது. அதனால் கார்னெட் தாழ்ந்துவிடவில்லை. கனிவான நாதம் வேண்டுவோருக்கு விக்டர் இன்றும் உயர்ந்த கருவியே.