ரஃப் நோட்டிலிருந்து பேரேட்டுக்கு

யோசனையே வரமாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அவருடைய நோட்டைத்தான். எழுத, வரைய, குறும்படம் எடுக்க ஆசைப்பட்டுப் பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இல்லாவிட்டால் போனில் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. எழுதியதைத் திரும்பப் பார்த்தீர்களா என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. குறிப்பெடுப்பது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். எடுத்த குறிப்பை வாரத்துக்கு ஒருமுறை வேறொரு நோட்டுக்கு மாற்றி எழுதுவதில்தான் ஆள் ஆளாகச் சறுக்குகிறார்கள். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

இது கடைக்காரர்களின் வழி. கணினி வருவதற்கு முன், கடையில் நடந்ததை நடந்த வரிசையிலேயே சிட்டையில் கிறுக்கி வைப்பார்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிஷ்டென்பெர்க், ஆங்கிலேய வணிகர்கள் கணக்கெழுதிய இதே முறை படிப்பாளிகளுக்கும் ஏற்றது என்று தன் குறிப்பேட்டிலேயே எழுதிவைத்தார். 1765-இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய அந்த நோட்டுகளை 1799-இல் இறக்கும்வரை நிரப்பிக்கொண்டே இருந்தார். இயற்பியலைவிட அந்த நோட்டுகளுக்காகத்தான் இன்று அவரை அதிகம் பேர் படிக்கிறார்கள்.

வாங்க வேண்டியவை: சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் சின்ன நோட்டு, ஒரு குயர் லாங் சைஸ் நோட்டு, பால்பாயின்ட் பேனா. சின்னது ரஃப் நோட்டு, பெரியது பேரேடு. தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த நோட்டு வேண்டாம். அதில் கிறுக்கக் கை கூசும். மை பேனாவும் வேண்டாம். ஒரு மழை போதும், எல்லாம் போய்விடும்.

தினமும் செய்ய வேண்டியது: பார்த்ததில், கேட்டதில் மூன்றை எழுதுங்கள். இடமும் நேரமும் கட்டாயம். கருத்து எழுதக் கூடாது. ‘சந்தை கலகலப்பாக இருந்தது’ என்பது குறிப்பே அல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், எந்தக் கப்பல் வந்தது, எத்தனை மணிக்கு யார் வந்து என்ன பேசினார் என்று அவர் பொருளைப் பொருளாகவே எழுதியதுதான்.

இன்னொன்று: ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். காகிதத்துக்குக் காசில்லாத கணிதமேதை ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முடிவுகளுக்கான நிரூபணங்களைத் தொகுத்துக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் வந்து முடிய 1985 முதல் 1998 வரை ஆயிற்று. நமக்காக அப்படி யாரும் உட்காரப்போவதில்லை. பத்து நாள் கழித்து நீங்களே படித்தாலும் புரிகிற அளவுக்கு இரண்டு வரியாவது எழுதுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நாற்பது நிமிடம் போதும். காலையில், வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன் உட்காருவது நல்லது. மாலை என்று ஒத்திப்போட்டால் விருந்தாளி வருவார், கல்யாண வரவேற்பு வரும், வேலை நடக்காது.

பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாரக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும், இருக்கட்டும். எதைப் படிக்கும்போது ‘ஏன் அப்படி?’ என்று மனம் ஒரு கணம் நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று நான்கு புள்ளிக்கு மேல் போனால் கை தாராளமாகிவிட்டது என்று பொருள், குறையுங்கள்.

புள்ளி வைத்தவற்றை மட்டும் பேரேட்டில் ஏற்ற வேண்டும். இங்கேதான் கிட்டத்தட்ட எல்லாரும் தவறுகிறார்கள். அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள், அல்லது போட்டோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது வெறும் நகல். ரஃப் நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து, முழு வாக்கியங்களில், முதலில் எழுதியதைவிட நீளமாக எழுதுங்கள். கடைசியில் ஒரு கேள்வியும் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ரஃப் நோட்டில் இருந்தது: ‘பேருந்து நிலையம், மாலை 6. பூக்காரம்மா முழம் போடும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்குகிறார். ஒரு கிழவிக்கு மட்டும் கை நன்றாக நீண்டது.’ பேரேட்டுக்குப் போகும்போது இது ஐந்தாறு வரி ஆயிற்று. பேரம் பேசியவர்களுக்குத்தான் கை மடங்கியதா? அந்தக் கிழவி ஒன்றுமே பேசவில்லை, காசை முதலிலேயே நீட்டிவிட்டார். மடக்குவதா நீட்டுவதா என்று பூக்காரம்மா எந்த நொடியில் முடிவு செய்கிறார்? எழுதும்போதுதான் அந்தக் காசு நீட்டிய விஷயமே நினைவுக்கு வந்தது. ரஃப் நோட்டில் அது இல்லை. மாற்றி எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பக்கத்துக்கு ஒரு தலைப்பு. ஆனால் தலைப்பை முன்கூட்டியே போடாதீர்கள். ‘இயற்கை’, ‘மனிதர்கள்’, ‘அரசியல்’ என்று அறை பிரித்துவைப்பவர்களின் நோட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறது. பூக்காரம்மா ஒரு பக்கத்தில் தலைப்பில்லாமல் இருக்கட்டும். பிறகொரு வாரம், ஜவுளிக்கடையில் துணியை இழுத்துப் பிடித்து மீட்டர் அளந்தவர் வருவார். அவரை அதே பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவதாக, பேரனுக்குக் கண் அளவில் அரிசி போடும் பாட்டி வருவார். அப்போது ‘அளப்பவர் கை’ என்று தலைப்பு தானாக வந்து நிற்கும். கதையோ படமோ அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும். மூன்று குறிப்பு சேராத பக்கத்திலிருந்து எதையும் எழுதத் தொடங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான விதி.

கதை எழுதுபவர்களுக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். பின்னக் கணக்கு நடத்தும் ஆசிரியருக்கும் இது உதவும். தோசையைப் பாதியாகப் பிய்த்துத் தின்று பழகிய பிள்ளைக்கு அரை சட்டென்று பிடிபடுகிறது, மூன்றில் ஒன்று இடறுகிறது என்று ஒரு குறிப்பு இருந்தால், அடுத்த பாடத்துக்கான வழி அதிலேயே இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் தலைப்புகளையும் பக்க எண்ணையும் எழுதிவாருங்கள். சார்லஸ் டார்வின் தான் வாங்கிய புத்தகங்களின் கடைசியில், தனக்கு வேண்டிய செய்திகளுக்குச் சொந்தமாக ஓர் அட்டவணை எழுதிவைப்பார். தலைப்புவாரியாக முப்பது நாற்பது பெரிய உறைகளும் வைத்திருந்தார். உயிரினங்களின் மாற்றம் பற்றி அவர் 1837-இல் நோட்டுப் போடத் தொடங்கினார். அதைப் பற்றிய அவர் புத்தகம் வந்தது 1859-இல். அவரிடமிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொரு பழக்கம்: தன் கருத்துக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் அதை உடனே எழுதிவிடுவார். சாதகமான செய்தியைவிட அது வேகமாக மறந்துபோகும் என்பது அவர் அனுபவம். ஆகவே, காசை முதலிலேயே நீட்டியும் முழம் குறைந்த ஆளைப் பார்த்தால் அன்றே எழுதுங்கள். அவர்தான் கதையைத் திருப்பப்போகிறவர்.

ஒரு வாரம் ஒன்றுமே எழுதவில்லையா? ஞாயிறு அன்று உட்காருவதை விடாதீர்கள். பழைய பேரேட்டுப் பக்கம் ஒன்றைப் படித்து ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஆறு வாரம் விட்டுப்போயிற்றா? அத்தனையையும் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று சபதம் போட்டால் ஏழாவது வாரமும் போய்விடும். போன வாரத்தை மட்டும் ஏற்றுங்கள். மற்றவை ரஃப் நோட்டிலேயே கிடக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு அரை மணி நேரம் நடங்கள். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புது யோசனைகள் கணிசமாகக் கூடுவதைச் சோதனைகளில் கண்டார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. அதனால் பூங்கா இல்லை, கடற்கரை இல்லை என்று காரணம் சொல்ல வேண்டாம், மொட்டைமாடி போதும்.

மாதக் கடைசியில், மூன்று குறிப்பு சேர்ந்த ஒரு பக்கத்தை எடுத்துச் சின்னதாக எதையாவது முடியுங்கள். ஒரு பக்கக் கதை, ஓர் ஓவியம், ஒரு பாடத்திட்டம், எதுவானாலும் சரி. முடித்ததும் பேரேட்டில் அந்தத் தலைப்பின் ஓரத்தில் தேதி போடுங்கள்; பக்கத்தை அடித்துவிட வேண்டாம், குறிப்பு தொடர்ந்து வரும்.

ரஃப் நோட்டு தீர்ந்தால் எடைக்குப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. லிஷ்டென்பெர்க்கின் நோட்டுகளிலேயே இரண்டு தொலைந்துவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்பது முழுதாக யாருக்கும் தெரியாது. அட்டையில் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் எழுதி, பேரேட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, புள்ளி வைக்காமல் விட்ட குறிப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். அன்று சப்பென்று இருந்தவற்றில் ஒன்றிரண்டு இப்போது பேரேட்டின் ஏதாவதொரு தலைப்பில் போய்ச் சேரும்.