தூத்துக்குடியில் பருவந்தோறும் மாறும் காற்று

சோற்றில் ஒரு கல் கிடந்தாலும் எடுத்தெறிகிறோம். கலங்கிய நீரைத் தெளியவைத்தே பருகுகிறோம். இரவும் பகலும் இடைவிடாது உட்கொள்ளும் காற்றை மட்டும் எவரும் ஆராய்வதில்லை. ஓர் ஊரின் காற்று ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. எப்பருவத்தில் எதனால் கெடுகிறதென்று அறிந்தவர்க்கே அதைத் தடுக்கும் வழியும் விளங்கும். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தூத்துக்குடி நகரம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

தூசியின் அளவு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமனுடையது. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து சுவாசக் குழாய்களை எட்டும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கும். கரடானவை பெரும்பாலும் மண்ணும் உப்பும். நுண்ணியவை பெரும்பாலும் எரிந்த பொருளின் புகை. ஒரு கன மீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, முன்கூறிய அளவினவை 100 மைக்ரோகிராமுக்கும் பின்கூறியவை 60 மைக்ரோகிராமுக்கும் மிகலாகாதென 2009-ல் இந்தியாவில் விதிக்கப்பட்டது.

நான்கு பருவங்கள்

1. ஆனி முதல் புரட்டாசி வரை: தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே பெரிதும் பொழிந்துவிட்டு, இப்புறம் வறண்டு வேகமாக வீசுகிறது. நூல்கள் கோடை என்றும், கடலோடிகள் கச்சான் என்றும் வழங்குவது இம்மேல்காற்றே. மானாவாரிக் கரிசல் நிலங்கள் மழையை எதிர்நோக்கி வெறுமையாய்க் கிடக்கும் காலமாதலால், மேல்மண் தூளாய் எழும்புகிறது. தேரிகளில் செம்மணல் இடம் பெயர்கிறது. தூசி மிகுதி; ஆயினும் ஊரில் எழும் புகை நில்லாது கடற்பக்கம் சென்றுவிடும்.

2. ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவித் தரையில் சேர்க்கிறது. நனைந்த மண் எழும்புவதில்லை. மழை ஓய்ந்த மறுநாட்காலை, காற்றின் தெளிவை யாவரும் உணரலாம்.

3. மார்கழி முதல் மாசி வரை: வானம் தெளிந்த இரவுகளில் நிலம் விரைவில் குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேலுள்ள வெப்பக்காற்று பானைக்கு மூடிபோல் அமைந்துவிடுகிறது. அப்பொழுது மூட்டிய புகை மேலெழாது தெருவிலேயே படிந்து கிடக்கும். வெயிலேறித் தரை சூடான பின்னரே மூடி கலையும். இக்கடற்கரையின் வடபகுதியிலுள்ள சென்னையில், 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் மூடுபனியும் கலந்து விமானப் போக்குவரத்தையே தடுத்தன.

4. பங்குனி முதல் வைகாசி வரை: பகலில் நிலம் காய்ந்தபின் கடற்காற்று உட்புகுகிறது. அது உப்பின் நுண்துகளைச் சுமந்து வருதல் இயற்கை. ஆனால் துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரியின் தூளும், 1979-ல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகையும் கடலோரத்தில் எழுபவையாதலால், அக்காற்றோடு ஊர்ப்பக்கம் திரும்பக்கூடும்.

நகரின் தாமிர உருக்காலை 2018-ல் அரசாணையால் மூடப்பட்டது. எனினும், மேற்கண்டவாறு, தூசியும் புகையும் ஓர் ஆலையினின்று மட்டும் எழுபவையல்ல.

பாடத்தின் சாரம்

ஆனித் தூசி வெறுமையான நிலத்தினின்று எழுவது. தைப் புகை நாமே மூட்டும் நெருப்பினின்று எழுவது. ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்குப் போதாது. மேல்துண்டால் மூக்கை மூடினால் கரடான தூசியில் ஒரு பங்கைத் தடுக்கலாம்; புகையின் நுண்துகளோ துணியின் இழைகளுக்கிடையே எளிதில் நுழைந்துவிடும். ஆகவே புகையை மூட்டாதிருத்தலே அதற்குக் காப்பு. குழந்தைகளும் முதியோரும் இழைப்பு நோயுடையோரும் முதலில் பாதிக்கப்படுவோர் என்பதை மறத்தலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. குப்பையை, விசேஷமாகக் குளிர்காலத்து விடியலிலும் அந்தியிலும், எரியாமல் காத்தல். மக்கும் குப்பையைப் பொது எருக்குழியிலிட்டு உரமாக்கினால் அங்கத்தினர்க்கு வரவும் உண்டு. டயரும் பிளாஸ்டிக்கும் எக்காலத்தும் எரிக்கத்தக்கவையல்ல.

2. அறுவடைக்குப் பின் பயிர்த்தாளை வயலிலேயே விட்டுவைத்தலும், மேற்கு வரப்புகளில் வேம்பும் பனையும் நடுதலும். இவை தூசியை அடக்குவதோடு மேல்மண்ணையும் காக்கும்.

3. மண்ணும் கரியும் ஏற்றும் வண்டிகளைத் தார்ப்பாயால் மூடச் செய்தல்.

4. விறகடுப்புள்ள வீடுகளில் புகைபோக்கி அமைத்தல். இயன்றவர் எரிவாயு அடுப்புக்கு மாறுதல். அடுப்படிப் புகையைப் பெரிதும் சுவாசிப்போர் பெண்களும் சிறு குழந்தைகளுமே.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது ஊரில் எம்மாதத்தில் இருமலும் இழைப்பும் மிகுகின்றன?

2. அம்மாதத்தில் காற்று எத்திசையினின்று வீசுகிறது? அத்திசையில் இருப்பது யாது?

3. அடுத்த மார்கழிக்கு முன் எருக்குழி வெட்ட எவ்விடம் தகுதி? எவர் பொறுப்பேற்பர்?

கிணற்றை ஒருவர் கெடுத்தால் ஊரே கேட்கும். காற்றும் ஊர்ப்பொதுக் கிணறே. ஒருவர் வாசலில் மூட்டிய புகை அடுத்தவர் தொட்டிலையும் சென்று சேரும். ஆதலின் இக்காரியம் தனியொருவரால் முற்றுப்பெறுவதன்று. சங்கமாகக் கூடியே செய்யத்தக்கது.